காலேஜ் மேட்ச் ஆடி டெஸ்ட் அணிக்குப் போன காலம்: மைசூரில் இருந்து ஒரு பார்வை

1962-ம் வருஷம். இந்தியாவுக்காக இரண்டு டெஸ்ட் ஆடி முடித்த 21 வயது ஆஃப் ஸ்பின்னர் ஒருவர் வெஸ்ட் இண்டீஸ் சுற்றுப்பயணத்தில் இருந்து ஊர் திரும்புகிறார். அடுத்த தொடருக்குத் தயாராகவில்லை. பாதியில் நின்ற இன்ஜினியரிங் டிகிரியை முடிக்கப் போகிறார். மூன்றாவது டெஸ்ட் ஆட அவருக்கு ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆனது.

அவர் இ.ஏ.எஸ். பிரசன்னா. படித்தது மைசூரில் உள்ள நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இன்ஜினியரிங், சுருக்கமாக என்.ஐ.இ.

இன்றைக்கு ஒரு 21 வயதுப் பையன் இந்திய அணியில் நுழைந்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க, எனக்கு அரியர் இருக்கு" என்று கிளம்பினால் எப்படி இருக்கும்? சமூக வலைதளத்தில் ஒரு வாரத்துக்கு மீம் ஓடும். அன்றைக்கு அதை யாரும் பைத்தியக்காரத்தனமாகப் பார்க்கவில்லை. கிரிக்கெட்டில் சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. டிகிரி இருந்தால் வேலை. வேலை இருந்தால்தான் கிரிக்கெட். அதோடு, இந்திய அணிக்குப் போகிற வழிகளில் ஒன்று காலேஜ் வளாகத்துக்கு உள்ளேயே தொடங்கியது. பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த மேட்ச்களை அணித் தேர்வாளர்களும் பத்திரிகைகளும் கவனித்த காலம் அது.

அந்த வழி எப்படி உருவானது, அதில் என்னென்ன பெரிய ஆட்டங்கள் நடந்தன, பிறகு ஏன் அது தூர்ந்துபோனது? மைசூருவில் நின்று பார்த்தால் இந்தக் கதை கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

மகன் நினைவாக ஒரு கோப்பை

ரஞ்சி கோப்பை 1934-ல் தொடங்கியது. அதன் முதல் ஆட்டமே சென்னை சேப்பாக்கத்தில், மெட்ராஸுக்கும் மைசூருக்கும் இடையில்தான் நடந்தது. மைசூர் 48, 59 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சுருண்டது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. மைசூர்க்காரர்கள் இதை அதிகம் பேச மாட்டார்கள். நாம் பேசலாம்.

அதற்கு அடுத்த சீசனில், 1935-36-ல், பல்கலைக்கழகங்களுக்கான தேசியப் போட்டி தொடங்கியது. பம்பாயைச் சேர்ந்த ஏ.டி. பாரியா தன் மகன் ரோஹின்டன் நினைவாகக் கொடுத்த கோப்பை என்பதால் அதற்கு ரோஹின்டன் பாரியா கோப்பை என்று பெயர். முதல் சில வருஷங்கள் கிரிக்கெட் வாரியமே நடத்தியது. பிறகு பல்கலைக்கழகங்களின் பொது அமைப்பிடம் பொறுப்பு போனது. பிரிவினைக்கு முன்பு லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் இதில் ஒரு பெரிய கை. மொத்தத்தில் அதிக முறை கோப்பையைத் தூக்கியது பம்பாய்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டும் என்றால் அமெரிக்காவின் காலேஜ் ஃபுட்பாலைச் சொல்லலாம். சீசன் முடிவில் அங்கே 'பௌல்' என்ற பெயரில் பெரிய ஆட்டங்கள் நடக்கும். முதல் ரோஸ் பௌல் 1902 புத்தாண்டு அன்று நடந்தது. மிச்சிகன் 49-0 என்று ஸ்டான்ஃபோர்டை நொறுக்கியது. ஒரு நூற்றாண்டு தாண்டியும் அந்த ஆட்டங்களுக்குக் கூட்டம் குறையவில்லை. காரணம் எளிமையானது: அமெரிக்காவில் தொழில்முறை ஃபுட்பாலுக்கு ஆள் எடுக்கும் இடம் இன்றும் காலேஜ்தான். நம்ம ஊரிலும் ஒரு காலத்தில் அதற்குக் கிட்டத்தட்ட இணையான ஒன்று இருந்தது. கோப்பைப் போட்டி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய மேடையாக இன்னொரு ஆட்டம் இருந்தது.

ஒரே ஒரு மேட்ச் போதும்

அப்போதெல்லாம் வெளிநாட்டு அணிகள் இந்தியா வந்தால் மாதக்கணக்கில் தங்கும். டெஸ்ட்டுகளுக்கு நடுவே மண்டல அணிகள், வாரியத் தலைவர் அணி என்று பல அணிகளோடு ஆடும். அந்தப் பட்டியலில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டு அணியும் உண்டு. நாடு முழுக்க உள்ள காலேஜ் மாணவர்களில் இருந்து பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்து, உலகத்தரமான ஒரு அணிக்கு எதிரே நிறுத்துவார்கள். யோசித்துப் பாருங்கள்: போன வாரம் வரை லேப் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்த பையன், இந்த வாரம் சர்வதேச வேகப்பந்தை எதிர்கொள்கிறான்.

இதில் மறக்க முடியாத ஆட்டம் 1948-ல் நடந்தது. எவர்டன் வீக்ஸ், கிளைட் வால்காட் போன்றவர்கள் இருந்த வெஸ்ட் இண்டீஸ் அணி வந்திருந்தது. பல்கலைக்கழக அணிக்காக இறங்கிய பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 115 ரன் அடித்தார். ஏழு வாரத்தில் இந்திய அணிக்கு அழைப்பு. அந்த டிசம்பரில் பம்பாயில் டெஸ்ட் அறிமுகம். பின்னாளில் இந்தியாவுக்காக டெஸ்ட்டில் முதல் இரட்டைச் சதம் அடித்தவர் இவர்தான். 1955-ல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 223.

பத்து வருஷம் கழித்து வெஸ்ட் இண்டீஸ் மறுபடி வந்தது. இந்த முறை வெஸ் ஹாலும் ராய் கில்கிறிஸ்ட்டும் வேகப்பந்து போட்டார்கள். இருவரும் அந்தக் காலத்து பேட்ஸ்மேன்களின் தூக்கத்தைக் கெடுத்தவர்கள். அந்த அணிக்கு எதிராகப் பல்கலைக்கழக அணியில்தான் ஃபரூக் எஞ்சினியர் தன் முதல்தரக் கிரிக்கெட்டைத் தொடங்கினார். ஹெல்மெட் என்ற ஒன்று கிரிக்கெட்டில் இல்லாத காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

1960-ல் பாகிஸ்தான் வந்தபோது புனேயில் திலீப் சர்தேசாய் முறை. முந்தைய சீசனின் ரோஹின்டன் பாரியா ஆட்டங்களில் ரன் குவித்ததால் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தது. முதல்தர அறிமுகத்திலேயே 87 அடித்தார். மறு வருஷம் கான்பூரில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம்.

ஒரு நல்ல ஆட்டத்தை வைத்து ஒருவரை எடுப்பது சரியான முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த மேடைக்கே போக முடியாத திறமைசாலிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? காலேஜ் வாசலை மிதிக்கும் வசதி அன்றைய இந்தியாவில் மிகச் சிலருக்குத்தான் இருந்தது. இந்தக் கதையைப் 'பொற்காலம்' என்று சொல்லாமல் இருக்க அது ஒன்றே போதும்.

324-ஐத் தாண்டிய 327

கூட்டு அணி ஆட்டங்களுக்கு வெளியே, பல்கலைக்கழகப் போட்டியில் அதிகம் பேசப்பட்ட எண்கள் இவை இரண்டு.

அஜித் வடேகர் கணிதம் படித்து இன்ஜினியர் ஆக வேண்டும் என்று வீட்டில் ஆசை. எல்ஃபின்ஸ்டன் காலேஜுக்குப் போகும் பஸ்ஸில் அவரோடு வந்த சீனியர் பாலு குப்தே, "எங்க டீமுக்குப் பன்னிரண்டாவது ஆளா வர்றியா?" என்று கேட்டார் என்பது பம்பாய் கிரிக்கெட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. கூலி நாளைக்கு மூன்று ரூபாய். மூன்று ரூபாய்க்காகப் போனவர் பிறகு பம்பாய் பல்கலைக்கழகத்துக்காக ஒரே இன்னிங்ஸில் 324 அடித்தார். அது பல்கலைக்கழகப் போட்டியின் சாதனையாக நின்றது.

அந்தச் சாதனையை 1970-ல் உடைத்தவரும் பம்பாய் பல்கலைக்கழக மாணவர்தான். செயின்ட் சேவியர்ஸ் காலேஜின் சுனில் கவாஸ்கர் 327 அடித்தார். மூன்றே ரன் கூடுதல். சில மாதங்களில் வெஸ்ட் இண்டீஸ் போகும் இந்திய அணியில் இடம். விரல் வீக்கத்தால் முதல் டெஸ்ட் ஆட முடியவில்லை. மிச்சம் இருந்த நான்கு டெஸ்ட்டில் 774 ரன். அந்தத் தொடரில் அவருடைய கேப்டன் யார்? சாதனையைப் பறிகொடுத்த அதே வடேகர். இந்தியா முதல்முறையாக வெஸ்ட் இண்டீஸில் தொடரை வென்று திரும்பியது.

இரண்டு இன்ஜினியர்கள், ஒரே இடம்

இப்போது பிரசன்னாவுக்குத் திரும்புவோம். இந்தப் பகுதி நம் ஊரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

1962 ஜனவரியில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் அறிமுகம் ஆனார். இந்தியா அந்த டெஸ்ட்டை 128 ரன்னில் வென்று தொடரையும் கைப்பற்றியது. அடுத்த மாதமே வெஸ்ட் இண்டீஸ் பயணம். அங்கே 5-0 என்று தோல்வி. கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில் பந்து பட்டு உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். அங்கிருந்து திரும்பித்தான் பிரசன்னா படிப்பைக் கையில் எடுத்தார்.

அவர் ஒதுங்கியிருந்த காலத்தில் இந்தியா உள்நாட்டிலேயே 14 டெஸ்ட் ஆடியது: இங்கிலாந்தோடு 5, ஆஸ்திரேலியாவோடு 3, நியூசிலாந்தோடு 4, வெஸ்ட் இண்டீஸோடு 2. எல்லாமே சுழல் எடுபடக்கூடிய நம்ம ஊர் மைதானங்கள். ஒரு ஆஃப் ஸ்பின்னருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்?

அதைவிடச் சுவாரசியம் அந்த இடத்துக்கு வந்தவர். 1965 பிப்ரவரியில் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக 19 வயதில் அறிமுகமான ஆஃப் ஸ்பின்னர் எஸ். வெங்கட்ராகவன். அவரும் இன்ஜினியரிங் படித்தவர். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். அதே தொடரின் டெல்லி டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸில் 8, இரண்டாவதில் 4 என்று 12 விக்கெட். மைசூரில் ஒரு இன்ஜினியர் படிப்பை முடிக்க ஒதுங்கியிருந்த காலத்தில், கிண்டியில் இருந்து இன்னொரு இன்ஜினியர் அவருடைய இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பத்து வருஷத்துக்கும் மேல் "பிரசன்னாவா, வெங்கட்டா?" என்பதுதான் இந்திய அணித் தேர்வில் தீராத வழக்கு. மெட்ராஸ், பெங்களூர் டீக்கடைகளில் இதற்கு இரண்டு வேறு தீர்ப்புகள் இருந்திருக்கும்.

1967 ஜனவரி, சேப்பாக்கம். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்ட்டில் பிரசன்னா திரும்பினார். பிறகு நடந்ததைப் பார்த்தால், விட்ட வருஷங்களை அவர் வட்டியோடு வசூலித்தது போல இருக்கும். 1967-68 பயணத்தில் ஆஸ்திரேலியாவில் 25 விக்கெட், தொடர்ந்து நியூசிலாந்தில் 24. நியூசிலாந்தில் 3-1 என்று வென்றது வெளிநாட்டில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி. 20 டெஸ்ட்டில் 100 விக்கெட்டைத் தொட்டார். மொத்தம் 49 டெஸ்ட், 189 விக்கெட்.

அந்த 20 டெஸ்ட் சாதனை நாற்பது வருஷத்துக்கும் மேல் நின்றது. 2013 நவம்பரில், சச்சினின் கடைசி டெஸ்ட் நடந்த வான்கடே மைதானத்தில், தன் 18-வது டெஸ்ட்டில் அதை உடைத்தவர் ஆர். அஸ்வின். அவரும் ஆஃப் ஸ்பின்னர், அவரும் இன்ஜினியர், சென்னை எஸ்.எஸ்.என். காலேஜில் ஐ.டி. படித்தவர்.

ஆனால் அஸ்வின் எந்தக் கட்டத்திலும் டிகிரிக்காக டெஸ்ட்டை விட வேண்டிய நிலை வரவில்லை. டெஸ்ட் அணிக்கு வரும்போது அவர் கையில் டிகிரி இருந்தது, பின்னால் ஐ.பி.எல். இருந்தது. பிரசன்னாவுக்கு அந்த இரண்டுமே இல்லை. அவர் படிப்பைத் தேர்ந்தெடுத்ததை 'தியாகம்' என்று சொல்வதைவிட, அன்றைய நிலவரத்தில் எடுத்த சரியான கணக்கு என்று சொல்வதே பொருத்தம். ஐ.டி. வேலையா, ஆசைப்பட்ட வேலையா என்று யோசித்த யாருக்கும் அந்தக் கணக்கு புரியும்.

பல்கலைக்கழக அணி ஏன் மெலிந்தது?

ஐ.பி.எல். வந்ததுதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைகூட இல்லை. 2008-க்கு ரொம்ப முன்பே இது தொடங்கிவிட்டது.

பலரும் கவனிக்காத ஒரு காரணம் பல்கலைக்கழகங்களின் வரைபடம். மைசூர் பல்கலைக்கழகம் 1916-ல் உருவானது. பல பத்தாண்டுகள் பழைய மைசூர் ராஜ்ஜியத்தின் காலேஜ்கள் எல்லாம், பெங்களூரில் இருந்தவை உட்பட, அதன் கீழேதான் இருந்தன. அதாவது 'மைசூர் பல்கலைக்கழக அணி' என்றால் இரண்டு பெரிய நகரங்களின் மொத்த மாணவர் திறமையும் அதில் வரும். 1964-ல் பெங்களூர் பல்கலைக்கழகம் தனியாகப் பிரிந்தது. 1998-ல் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்ததும் இன்ஜினியரிங் காலேஜ்கள் மொத்தமாக அந்தப் பக்கம் போய்விட்டன. பிரசன்னா படித்த என்.ஐ.இ., ஜவகல் ஸ்ரீநாத் படித்த எஸ்.ஜே.சி.இ. இரண்டுமே இதில் அடக்கம்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இருந்து 1966-ல் மதுரை பிரிந்தது. 1978-ல் கிண்டி காலேஜை எடுத்துக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகம் வந்தது. 1982-ல் பாரதியாரும் பாரதிதாசனும். உயர்கல்வி பரவியது நல்ல விஷயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிரிக்கெட் கண்ணோடு பார்த்தால், ஒரு வலுவான அணி ஐந்தாறு சாதாரண அணிகளாக உடைந்தது. ஆட்டத்தின் தரம் இறங்கினால் தேர்வாளர் வர மாட்டார். அவர் வராவிட்டால் நல்ல ஆட்டக்காரனும் வர மாட்டான்.

இன்னொரு பக்கம், கிரிக்கெட் வாரியம் வயது அடிப்படையில் தனி ஏணியைக் கட்டியது. பள்ளிகளுக்கான கூச் பெஹார் கோப்பை எண்பதுகளில் 19 வயதுக்கு உட்பட்டோர் போட்டியாக மாறியது. பிறகு மாநிலச் சங்கங்களே பையன்களை 14, 16 வயதில் பிடித்து வளர்க்க ஆரம்பித்தன. காலேஜில் சேரும் வயதில் ஒருவன் ஏற்கெனவே ரஞ்சி வாசலில் நிற்கிறான். சுற்றுப்பயணங்களும் சுருங்கின. விமானத்தில் வந்து டெஸ்ட் மட்டும் ஆடிவிட்டுப் போகும் அணிக்குப் பல்கலைக்கழக மாணவர்களோடு ஆட நேரம் ஏது?

ரோஹின்டன் பாரியாவோ, மண்டலப் பல்கலைக்கழக அணிகளுக்காக 1966-67-ல் தொடங்கிய விஸ்ஸி கோப்பையோ ஒரே நாளில் நின்றுவிடவில்லை. அவற்றின் ஸ்கோரைத் தேடிப் படிப்பவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

ஸ்ரீநாத் இந்த மாற்றத்தின் நடுவில் வந்தவர். எஸ்.ஜே.சி.இ.-யில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தார். அவரை ஒரு கிளப் மேட்ச்சில் கவனித்தவர் ஜி.ஆர். விஸ்வநாத். 1989-90-ல் ஹைதராபாத்துக்கு எதிரான ரஞ்சி அறிமுகத்திலேயே ஹாட்ரிக். காலேஜ் படித்தவர்தான், ஆனால் கதவைத் திறந்தது காலேஜ் கிரிக்கெட் இல்லை.

கங்கோத்ரியில் நான்கு நாள்

பல்கலைக்கழக அணிகள் பின்னுக்குப் போன பிறகும் மைசூருவில் ஒரு பல்கலைக்கழக மைதானம் கவனத்தை ஈர்த்தது. மானசகங்கோத்ரி வளாகத்தில், மரங்கள் சூழ்ந்த கங்கோத்ரி கிளேட்ஸ். 2010 ஜனவரி 11 அன்று அங்கே ரஞ்சி இறுதிப் போட்டி தொடங்கியது. கர்நாடகா எதிர் மும்பை. ரஞ்சி வரலாற்றின் மிகச் சிறந்த இறுதிப் போட்டிகளை யார் பட்டியல் போட்டாலும் இது இருக்கும்.

கர்நாடகாவுக்கு ராபின் உத்தப்பா கேப்டன். டிராவிட் வங்கதேச டெஸ்ட் தொடருக்கான இந்திய அணியில் இருந்ததால் இல்லை. மும்பைக்கு வாசிம் ஜாஃபர். முதல் இன்னிங்ஸில் மும்பை 233. பதிலுக்குக் கர்நாடகா 130-க்குச் சுருண்டது. ஆவிஷ்கர் சால்வி 5 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் மும்பை தடுமாறியபோது பந்துவீச்சாளர் தவல் குல்கர்னி பேட்டை எடுத்து 87 அடித்தார். மும்பை 234. முடிவைப் பார்த்தபின் சொல்கிறேன், இந்த ஆட்டத்தின் விலைமதிப்பற்ற இன்னிங்ஸ் அதுதான்.

இலக்கு 338. நாலாவது இன்னிங்ஸில், பந்து எகிறும் ஆடுகளத்தில். 46-க்கு மூன்று விக்கெட் போனதும் கதை முடிந்தது என்றுதான் தோன்றியது. அங்கே சேர்ந்தார்கள் 20 வயது மணீஷ் பாண்டேவும் கணேஷ் சதீஷும். 209 ரன் கூட்டு. பாண்டே 144, சதீஷ் 75. முந்தைய வருஷம்தான் ஐ.பி.எல்.-லில் சதம் அடித்த முதல் இந்தியர் ஆகியிருந்தார் பாண்டே.

பெரிய கேலரி எல்லாம் இல்லாத மைதானம் அது. செய்தி பரவப் பரவக் கூட்டம் சேர்ந்தது. இடம் கிடைக்காதவர்கள் மரங்களில் ஏறினார்கள். உள்ளூர் ரஞ்சி ஆட்டத்துக்கு இப்படி ஒரு கூட்டத்தை அதற்கு முன்பு பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. 255-க்கு 3. இன்னும் 83 ரன், கையில் ஏழு விக்கெட். பந்தயம் கட்டுபவர் யாரும் மும்பை மீது கட்டியிருக்க மாட்டார்.

பிறகு சரிந்தது. பழைய கை அஜித் அகார்கர் 5 விக்கெட் எடுத்தார். கடைசி ஜோடி வரை ஒவ்வொரு ரன்னுக்கும் மரத்தில் இருந்தும் தரையில் இருந்தும் கத்தல். 331-ல் கடைசி விக்கெட் விழுந்தது. மும்பை ஆறு ரன்னில் வென்றது. அது அவர்களுடைய 39-வது ரஞ்சி கோப்பை. தேதி ஜனவரி 14. நம்ம ஊரில் பொங்கல், அங்கே சங்கராந்தி. 1998-99-க்குப் பிறகு கோப்பைக்காகக் காத்திருந்த கர்நாடகா இன்னும் நான்கு வருஷம், 2013-14 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

மைதானத்துக்கு இப்போது ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் பெயர். மைசூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த அவர் அந்த இறுதிப் போட்டி நடந்தபோது கர்நாடக கிரிக்கெட் சங்கத்தின் தலைவர். அதே 2010 நவம்பரில் நடந்த சங்கத் தேர்தலில் அனில் கும்ப்ளே தலைவராகவும் ஸ்ரீநாத் செயலாளராகவும் வந்தார்கள். இருவரும் இன்ஜினியர்கள்.

டிரெய்னிங்குக்காக மைசூரு இன்ஃபோசிஸ் வளாகத்தில் சில மாதம் கழித்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறோம். பெரும்பாலோர் அரண்மனையும் சாமுண்டி மலையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். அடுத்த முறை போனால் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு நடை நடந்து, அதை ஒட்டியுள்ள மானசகங்கோத்ரிக்குள் போய் அந்த மைதானத்தையும் எட்டிப் பாருங்கள்.